பெட்டிக்காரிக்கு வந்த முகம்

ஊர் நுழைவாயில் வளைவுக்குப் பக்கத்தில், வேப்பமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவில், என்னை இருபதடி உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. மாசி சிவராத்திரி வந்தால் எங்கள் ஊரில் பிளக்ஸுக்குக் குறைச்சல் கிடையாது. பயல்கள் எல்லாம் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், சாமி எங்காவது ஒரு ஓரத்தில் இருக்கும். நான் பசுமலை ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிற காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். டப்பாவிலிருந்து சாம்பார் ஒழுகிப் பை முழுக்கப் பிசுபிசுக்கிறதே என்று மூடியைச் செய்தவனை மனதுக்குள் வைதுகொண்டே வந்தேன். வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு நிற்கவும், சரி நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம் என்று தலையைத் தூக்கினேன்.

சிவப்புச் சேலை. ஒரு கையில் பிளந்த மாதுளம்பழம். இன்னொரு கை யாரையோ வா என்று கூப்பிடுகிற மாதிரி நீண்டிருந்தது. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, பல் தெரிய, கூச்சநாச்சமில்லாமல் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்ததால் தாடைக்கு அடியில் இருக்கிற சின்னத் தழும்பு தெரிந்தது. என் கை தானாகப் போய் என் தாடையைத் தொட்டது. அடப்பாவி பீமா, என்னைக் கொன்றுவிட்டாயே என்று மட்டும்தான் தோன்றியது.

ஏணிக்குக் கீழே என் அண்ணன் அழகுபாண்டி நின்றுகொண்டு, கயிற்றை இன்னும் இழு, இந்தப் பக்கம் தொங்குது பார் என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். அப்பா போன பிறகு வீட்டுக்கும் அவன்தான், விழாக் கமிட்டிக்கும் அவன்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"எப்புடி பாப்பா இருக்கா நம்ம ஆத்தா? இந்தச் சுத்துப்பட்டுல இப்புடி ஒரு தட்டி எவனாச்சும் கட்டிருக்கானா சொல்லு."

"நல்லாருக்குண்ணே" என்றேன்.

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டான். அண்ணாந்து தட்டியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். சாப்பிட்டியா என்று கேட்டான். அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் அம்மனுக்கு உருவம் கிடையாது. கறுத்துப்போன ஒரு மரப்பெட்டிதான் அம்மன், பேரும் பெட்டிக்காரி. வருடம் பூரா அது பூசாரி சின்னக்கருப்பன் வீட்டு உள்ளறையில் இருக்கும். சிவராத்திரி அன்று பொழுது சாய அவர் தலையில் ஏறி ஊரைச் சுற்றி வந்து கோயிலுக்குப் போகும். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை. பூசாரியே கண்ணைக் கட்டிக்கொண்டுதான் திறப்பார். இந்த வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சாமிக்குப் பெரிய தட்டி வைத்துவிட்டார்கள் என்று அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவனியாபுரத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிற அவன் சேக்காளி பாண்டியராஜனிடம் சொல்ல, ஆத்தா போட்டோவை அனுப்பு மாப்ள என்று அவன் கேட்க, பெட்டிதான்டா இருக்கு என்று இவன் சொல்ல, பெட்டியைப் போட்டால் எவன் பார்ப்பான், நானே நெட்டில் பார்த்து எடுத்து வைக்கிறேன் என்று அவன் எடுத்து வைத்தது இது. எத்தனையோ ஆயிரம் அம்மன் படம் கிடக்கிற இடத்தில் அந்தப் பாவிக்கு என் மூஞ்சிதானா கிடைக்க வேண்டும்?

பஸ் ஸ்டாப்பில் ஆள் இல்லாத பக்கமாக ஒதுங்கி நின்று, முதல் பஸ்ஸிலேயே வேலைக்குப் போயிருந்த பீமாவுக்குப் போன் போட்டேன்.

"நீ வரைஞ்ச மயலி எங்க ஊரு வளைவுல தொங்குறா."

அவன் சிரித்தான். "எந்த மயலி?"

"எத்தன மயலிடா வரைஞ்ச? எங்கண்ணன் பிளக்ஸ் அடிச்சுத் தொங்கவிட்டுருக்கான். கீழ கற்பூரம் எரியுது. பொம்பளைங்க கன்னத்துல போட்டுக்கிறாளுக."

சிரிப்பு நின்றது. "யாரும் கண்டுபிடிச்சாங்களா?"

"இன்னும் இல்ல."

"எம்பேஜ்ல இருந்து இந்தா இப்பவே தூக்கிர்றேன். ஆனா கேம் கம்பெனி பேஜ்லயும் கெடக்கு ரோகிணி. எம்பேரு போட்டு. அத நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பேரு போட்டு. பீமாராவ் ஆண்டிச்சாமி என்று போட்டு. அந்தப் பேரைப் படித்தால் போதும், எந்தத் தெரு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பீமா கண்மாய்க்கு அந்தக் கரை, காலனி. நான் இந்தக் கரை. ஒரே பஸ்ஸில்தான் மூன்று வருடமாகப் போகிறோம், வருகிறோம். ஊர் எல்லை வரைக்கும் அவன் யாரோ, நான் யாரோ. ஊருக்குள் ஒருத்தராவது என்னை அடையாளம் கண்டு, இவளை எவன் பார்த்து வரைந்தான் என்று கேட்டுவிட்டால் போதும். படத்தைப் போனில் போட்டுத் தேடினால் ஒரு நிமிடத்தில் அவன் பேர் வந்து நிற்கும். பக்கத்து ஊரில் என்னோடு ப்ளஸ் டூ படித்த ஒருத்தி இப்படித்தான் ஒரு பையனோடு பழகினாள். ஒருநாள் காலையில் அவளுக்கு வயிற்றுவலி என்றார்கள். மத்தியானத்துக்குள் எரித்தும் விட்டார்கள். அந்த வீட்டுத் துட்டிக்குப் போய்விட்டு வந்த என் அம்மா ஒச்சாயி, குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து, நல்ல வயித்துவலி என்று மட்டும் சொன்னாள்.

"வந்துரு" என்றான் பீமா. "இன்னைக்கே. பெரியார் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். எந்த பஸ்ஸு வருதோ ஏறிருவோம்."

"லூசாடா நீ? சாயங்காலம் பெட்டி கெளம்பறப்ப நான் இல்லைன்னா ஊரே தேடும். நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. ஒங்கப்பாவும் அம்மாவும் ஒந்தங்கச்சி தமிழ்வாணியும் எங்க போவாங்க? பரீச்சைக்குப் படிச்சுக்கிட்டுக் கெடக்குற புள்ளய ரோட்டுல நிறுத்துவியா?"

"அப்ப நான் அங்க வாரேன்."

"செத்தாலும் இந்தப் பக்கம் வந்துராத" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. ஆபீஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அந்த சிமெண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். போன வருடம் ஒரு வேலைநாள் காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை மேலே வைத்துத்தான் இவன் என்னை வரைந்தான். படுகைப் பாறையில் நான் காலை நீட்டி உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டு கேம் கம்பெனிக்காரன் ஒரே வரிதான் அனுப்பியிருந்தானாம். காதலுக்கும் ஆசைக்கும் ஒரு தேவி வேண்டும், பார்த்தால் கொஞ்சம் பயம் வர வேண்டும் என்று. மயலி என்கிற பேரிலிருந்து மிச்சம் எல்லாம் பீமாவின் கைவேலை. அந்த உலகத்தில் நிலா இரண்டு. ஆறு ராத்திரியில் மட்டும் ஓடும். அங்கே மற்ற சாமிகள் எல்லாம் கேட்பாரில்லாமல் ஒவ்வொன்றாகச் செத்துப்போய்விட்டன. இவள் ஒருத்தி மட்டும் சாகவில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டும் என்று சொல்கிற ஆட்கள் தீரவே இல்லை. இவளுக்குக் கோயில் இல்லை, புருஷன் இல்லை, கையில் ஆயுதம் இல்லை.

"அப்பறம் எதுக்குடா இவளுக்குப் பயப்படணும்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு முன்னாடி நின்னு, எனக்கு ஒண்ணும் வேணாம்னு எவனாலயும் பொய் சொல்ல முடியாது. அதான்."

அதைக் கேட்டுத்தான் நான் அப்படிச் சிரித்தேன். அண்ணாந்து, தொண்டைக்குழி தெரிய, நெல்லிக்காய்க் கொட்டை வாயில் இருக்கும்போதே. அப்படியே இரு, அப்படியே இரு என்று அவன் கத்தினான். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படியே இரு என்று சொன்னதில்லை. உட்கார், எழுந்திரு, காலை மடக்கு, மெதுவாகப் பேசு, இதுதான் கேட்டு வளர்ந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. இப்போது அந்தச் சந்தோஷத்தைத்தான் நாலு கயிறு போட்டு நடுரோட்டில் கட்டியிருக்கிறார்கள்.

திரும்பி ஊருக்குள் வந்தேன். வேப்பமரத்தடியில் அண்ணனும் பூசாரியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது நம்ம ஆத்தா மாதிரியே இல்லண்ணே" என்றேன். "இப்புடிப் பல்லக் காட்டிச் சிரிக்குது. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. எறக்கிட்டு வேற மாத்தச் சொல்லுண்ணே."

"ஏ பாப்பா, நம்ம ஆத்தா எப்புடி இருப்பான்னு நீ பாத்தியா?"

"இல்ல."

"நான் பாத்தேனா?"

"இல்ல."

"பெறகென்ன? இந்தா பூசாரி இருக்காரு. இது ஆத்தா இல்லன்னு அவரு சொல்லட்டும், இப்பவே கிழிச்சுப் போடுறேன்."

சின்னக்கருப்பன் தட்டியை ஏறிட்டுப் பார்த்தார். நான் மனதுக்குள் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தேன். சொல்லுங்கய்யா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் டீக்கிளாஸை ஆட்டி அடியில் கிடந்த சர்க்கரையைக் குடித்து முடித்தார்.

"நான் என்னத்தக் கண்டேன்? கண்ணக் கட்டிக்கிட்டுத் தொட்டுப் பாத்தவன்தான? இல்லன்னு சொல்லி, நாளைக்கு ஆத்தா என்னையக் கேட்டா எவன் பதில் சொல்றது?"

ஒருத்தரும் பார்க்காத சாமிக்கு இது இல்லை என்று யார்தான் சொல்ல முடியும்? சொல்லக் கூடியவள் நான் ஒருத்தி. எப்படித் தெரியும் என்று கேட்டால் அதோடு நான் காலி. பிளேடு எடுத்து வந்து கயிற்றை அறுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தி கற்பூரம் வைக்க, அடுத்தவள் எலுமிச்சம்பழம் வைக்க, சின்னப் பிள்ளைகள் தட்டியின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ராக்கம்மாள் அக்கா மட்டும் போகாமல் நின்றாள். அவள் புருஷன் அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்து, அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இந்த அக்கா ஊரில் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு கிடக்கிறாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

"இத்தன வருசமா பெட்டிகிட்டத்தான் கேட்டேன் ரோகிணி. பெட்டிக்குக் காது எங்கிட்டு இருக்குன்னே தெரியல. இவ மூஞ்சியப் பாத்தா கேக்கணும்னு தோணுது. இவளும் எவனையோ நெனச்சு ஏங்குனவ மாதிரி இருக்காள்ல?"

"தெரியலக்கா."

"ஒனக்கு எங்க தெரியும்? கல்யாணமாகாத புள்ள" என்று சொல்லிவிட்டு, தட்டியைப் பார்த்துக் கையைத் தூக்கி, அந்த ஆள அனுப்பி வையி ஆத்தா, திட்ட மாட்டேன், ஒரு வார்த்த கேக்க மாட்டேன், வந்து தின்னுட்டுப் படுத்தா போதும் என்று வாய்விட்டு அழுதாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள், அது நான் என்று தெரியாமல். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் எதற்குக் கேட்கிறாய், எனக்கே கதி கிடையாது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தாமல் கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா மத்தியானம் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு தட்டிக்குக் கீழே ஊற்றிவிட்டு வரப் போனாள். போனவள் வர ரொம்ப நேரமானது. நான் அடுப்படியில் மாவிளக்குக்கு அரிசி மாவில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். காலிக் குடத்தோடு வந்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

"அவன் யாருடி?"

"எவன்ம்மா?"

"ஒன்னைய இப்புடிச் சிரிக்க வச்சவன்."

மாவிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். கட்டைவிரலால் தழும்பைத் தேய்த்தாள். நான் நடை பழகும்போது அம்மிக்குழவி மேலே விழுந்து கிழிந்த தழும்பு அது.

"நான் பெத்தவ. பொறந்ததுல இருந்து ஒம்மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்புடி ஒரு சிரிப்ப இந்த வீட்டுல நீ சிரிச்சதே இல்ல. அதுனாலதான் ஒங்கண்ணனுக்கு ஆளு தெரியல. எனக்கே மொதல்ல தெரியலடி. ரெண்டாந்தரம் பாக்கவுந்தான் ஈரக்கொல நடுங்கிப்போச்சு."

"அம்மா..."

"எந்தப் பக்கத்துப் பய?"

தாடையை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டேன்.

"கம்மாய்க்கு அங்கிட்டா?"

மாவுக்குள் விரலை இன்னும் ஆழமாகப் புதைத்தேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இன்னொன்று வைக்கக் கை ஓங்கினாள், ஆனால் கை வரவில்லை, அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. தரையில் சிந்தியிருந்த மாவை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டே இருந்தாள்.

"தட்டி எறங்குற வரைக்கும் சிரிக்காத" என்றாள் கடைசியில். "எவ என்ன கேலி பேசுனாலும் மூஞ்சிய உர்ருனு வச்சுக்க. சாயங்காலம் பெட்டி வாரப்ப எம்பக்கத்துலயே நில்லு. அங்க இங்க பராக்குப் பாக்காத."

"அவன விட்ரச் சொல்றியாம்மா?"

"நான் எதையும் சொல்லல. ஒன்னையக் கொண்டுபோயி வச்சு எரிச்சுட்டு, வயித்துவலின்னு நாலு பேருகிட்டச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அம்புட்டுத்தான்."

எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். அரிசி மாவு கையிலேயே காய்ந்துபோய்விட்டது.

பொழுது சாயும்போது கொட்டுச் சத்தம் கிளம்பியது. வழக்கமாகப் பெட்டி வளைவில் நிற்காது, நேராகக் கோயிலுக்குப் போய்விடும். இந்த வருடம் தட்டிக்குக் கீழே இறக்கி வைத்து ஒரு பூசை போட வேண்டும் என்று அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். பெட்டிக்கு முகம் வந்துவிட்டதல்லவா, இரண்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. எங்கள் வகையறாப் பெண்கள் மாவிளக்குத் தட்டோடு முன் வரிசையில் நின்றோம். அம்மா என் இடது பக்கம், அண்ணன் வலது பக்கம். ரோட்டுக்கு அந்தப் புறம், டீக்கடை ஓரமாக, காலனி ஆட்கள் எப்போதும்போலத் தள்ளி நின்று பார்த்தார்கள். நான் தட்டில் இருந்த விளக்குத் திரியை மட்டும் பார்த்தேன். முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன். சின்னக்கருப்பன் வந்து பெட்டியை இறக்கி வைக்கும் வரைக்கும் நிமிரவே இல்லை. இவ்வளவுதான், இன்னும் கொஞ்ச நேரம், பெட்டி கோயிலுக்குப் போய்விடும், வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கற்பூரப் புகை கண்ணில் பட்டுக் கண்ணைத் துடைக்க நிமிர்ந்தேன். டீக்கடை ஓரத்தில் பீமா நின்றிருந்தான்.

வராதே என்றேனே. செத்தாலும் வராதே என்று சொன்னேனே. ஆபீஸ் பையைத் தோளில் போட்டபடி, சட்டை முழுக்க வேர்த்து, பசுமலையிலிருந்து ஓடியே வந்தவன் மாதிரி நின்றான். தட்டியைப் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் தேடினான். கண்டுபிடித்ததும் அவன் தோள் தளர்ந்தது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டது அந்தப் பார்வை. எனக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை. வந்துட்டானே, இத்தனை பேர் நடுவில் எனக்காக வந்துட்டானே என்றுதான் இருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து என்னவோ மேலே ஏறியது. என் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. உதடு பிரிந்தது எனக்கே தெரிந்தது. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது.

"பாப்பா, அந்தக் கற்பூரத்த..." என்று திரும்பிய அண்ணன் நிறுத்திவிட்டான்.

அவன் கண் என் முகத்தில் நின்றது. மேலே தட்டிக்குப் போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது. அவன் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்ததை நான் பார்த்தேன். பிறகு அவன் கழுத்து மெதுவாக, நான் பார்த்துக்கொண்டிருந்த திக்கில், டீக்கடைப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது.

அப்போது அம்மா கையிலிருந்த தட்டைத் தூக்கி எறிந்தாள். மாவிளக்கு உருண்டு ஓடியது. என் கொண்டையைப் பிடித்து அவிழ்த்துவிட்டு, திருநீற்றை அள்ளி என் முகம் முழுக்க அப்பிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினாள்.

"எம்மக மேல ஆத்தா எறங்கிட்டா! ஏய், பாருங்கடா, தட்டியில இருக்க அதே மொகம்! அதே மொகம்டா! பெட்டிக்காரி வந்துட்டாடோய்!"

முதலில் ராக்கம்மாள் அக்கா குலவை போட்டாள். அவளைத் தொடர்ந்து எல்லாப் பெண்களும் போட்டார்கள். அய்யோ ஆமா, அச்சு அசல், அந்தத் தழும்பைப் பாரேன் என்று கூட்டம் அலறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் நகம் என் பிடரியில் இறங்கியது. காதுக்குள் அவள் மூச்சு சுட்டது.

"ஆடு" என்றாள். "ஆடித் தொலைடி."

ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது. கல்யாண வீடுகளில்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள் நான். கொட்டு வேகம் பிடித்தது, முடி வாய்க்குள் போனது, யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். அண்ணன் மட்டும் அசையாமல் நின்றான். அவனுக்கு நம்பவும் ஆசை, நம்பாமல் இருக்கவும் ஆசை. சின்னக்கருப்பன் கையைத் தூக்கிக் கொட்டுச் சத்தத்தை நிறுத்தினார்.

"ஆளு புதுசு. நெசமாலும் ஆத்தாதான்னா கற்பூரம் வாங்குவா. குடு அழகுபாண்டி."

அண்ணன் உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து, அதன்மேல் கற்பூரத்தைப் பற்ற வைத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினான். நாக்கில் வாங்கி வாயை மூட வேண்டும். சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சுடாது என்று சொல்லுவார்கள். வாங்கிரு பாப்பா என்று கெஞ்சினானா, வாங்க மாட்டாய் தெரியும் என்று மிரட்டினானா, அவன் கண்ணிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

பின்னால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "ஏய், யார்றா அது? எங்கடா உள்ள வாற?" பீமா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தீ மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். ஒருத்தன் அவன் சட்டையைப் பிடித்தான், இன்னொருத்தன் பையைப் பிடித்து இழுத்தான். இன்னும் ஒரு நொடி போனால் என் பேரைக் கூப்பிட்டுவிடுவான்.

அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து, நாக்கை நீட்டித் தீயை வாங்கினேன்.

சுடாது என்று சொன்னவர்கள் எல்லாரும் பொய்யர்கள். உச்சந்தலை வரைக்கும் சுட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் கண்ணை மூடவில்லை, வாயை மூடினேன். புகை மூக்கு வழியாக வந்தது. பெண்கள் போட்ட குலவையில் காது அடைத்துப்போனது. பீமாவின் சட்டையைப் பிடித்திருந்தவன் அவனை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார், பால்காரர், பத்து வருடமாக எங்களோடு பேசாத பங்காளி வீட்டார், எல்லாரும் ரோட்டில் விழுந்தார்கள். என் அண்ணன் என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு குப்புற விழுந்தான். அவன் நெற்றி என் பாதத்தில் மோதியது. தேம்பித் தேம்பி அழுதான்.

"தப்பா நெனச்சுட்டேன் ஆத்தா. மன்னிச்சுரு. ஒனக்கு என்ன வேணும்? கேளு. வாய்விட்டுக் கேளு. என்ன கேட்டாலும் சரி, எம்புட்டுப் பெருசா இருந்தாலும் சரி, இந்த ஊரு குடுக்கும். நான் குடுக்குறேன்."

கேளு ஆத்தா, கேளு ஆத்தா என்று ஊரே சொன்னது. பிறகு பதிலைக் கேட்பதற்காக ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. வெந்த நாக்கு வாய்க்குள் கனத்துக் கிடந்தது. அம்மா இன்னும் என் முடியை விடவில்லை. அவள் விரல் இறுகியது. கேட்டுவிடு என்கிறாளா, கேட்டுவிடாதே என்கிறாளா?

விழுந்து கிடந்த முதுகுகளுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தான். பட்டன் அறுந்த சட்டையோடு, கும்பிடாமல், இரண்டு கையையும் தொங்கப்போட்டு, என்னையே பார்த்துக்கொண்டு.